வெங்காயக் கண்ணாடி

...இருட்டு வேற, தடுப்பு வேற அங்கிள், என்று அந்தப் பெண் எவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டாள், உப்பு வேற சீனி வேற என்பதுபோல, இரண்டையும் ஒன்றென்று நம்பி வருஷக்கணக்காக மூக்கின்மேல் சுமந்து திரிந்த மனுஷன் எதிரில் உட்கார்ந்திருக்கிறாரே, கொஞ்சம் பக்குவமாகச் சொல்வோம் என்று அவளுக்குத் தோன்றவில்லை, தோன்றியிருந்தாலும் வேறு எப்படித்தான் சொல்வாள், பாவம், அவள் வேலை அது... நாகையா கண் கிளினிக்கின் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தவர், கடைவரிசையின் நிழலைத் தாண்ட முடியாமல் அங்கேயே நின்றுவிட்டார். பிரிக்ஃபீல்ட்ஸ் தெரு முழுக்க வெள்ளையாக இருந்தது. பூக்கடை வெள்ளை, நிற்கிற டாக்சி வெள்ளை, எதிரே வருகிற ஆளின் சட்டையும் முகமும் ஒன்றாகக் கரைந்த வெள்ளை. சொட்டு மருந்து விட்டுக் கண் பாப்பாவைத் திறந்து வைத்திருக்கிறார்கள், சாயங்காலம்வரைக்கும் மூடாதாம், துணைக்கு யாரையாவது அழைச்சிட்டு வந்திருக்கலாமே அங்கிள் என்றாள். யாரை அழைத்து வருவது, மனைவி ரமணி வேலைக்குப் போய்விட்டாள், மகள் விஷ்ணுப்ரியா ஜோகூரில் இருக்கிறாள், கால் என்ன உடைந்தா போய்விட்டது, தனியாகப் போய்த் தனியாக வரத் தெரியாதா என்று வீறாப்பாகத்தான் காலையில் கிளம்பினார். சட்டைப் பையில் கூலிங் கிளாஸ் இருக்கிறது. கை தானாக அங்கே போகிறது, தொடுகிறது, திரும்பி வருகிறது. போடாதீங்க என்று சொல்லிவிட்டாளே... போடாமல் இந்த வெளிச்சத்தில் எப்படி நடப்பது, கையை நெற்றியில் வைத்துக்கொண்டு கே.எல். சென்ட்ரல் ஸ்டேஷன்வரைக்கும் எல்லோருக்கும் சலாம் போட்டபடியே போகவா?

அவள் கேட்கக்கூட இல்லை, இவர்தான் பெருமையாக எடுத்து நீட்டினார். ஸ்ருதி என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த அந்தப் பெண், ரொம்ப வெயில்ல நிப்பீங்களா அங்கிள், கண்ணாடி போடறதில்லையா என்றதும், போடாம என்னம்மா, போர்ட் கிள்ளான் கண்டெய்னர் யார்டுல மொத மொதல்ல போட்டவனே நான்தான் என்று பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். வாங்கி ஒரு சின்ன மெஷினில் வைத்தாள், ஏதோ எண் ஓடியது, உதட்டைப் பிதுக்கினாள். வெறும் கறுப்புச் சாயம்தான் அங்கிள் இது, வெயில்ல இருக்கற கெட்ட கதிர் அப்படியே உள்ள போகுது, அதுவும் இருட்டா இருக்குன்னு நம்பி உங்க கண்ணு பாப்பாவ அகலமா தொறந்து வச்சிக்கும், இன்னும் நல்லா போகும். நல்லா போகுமாம். வாசலைத் திறந்து வைத்து வாங்க வாங்க என்று திருடனைக் கூப்பிட்டிருக்கிறார், அதற்குக் காசு வேறு கொடுத்திருக்கிறார். வலது கண்ணில் மூக்கோரமாக முளைத்த சதை கறுப்பு விழியின் விளிம்பைத் தாண்டிவிட்டது, வெட்டி எடுக்கலாம், எடுத்தபிறகு வெயிலில் நின்றால் திரும்ப வளரும், நிக்காம பாத்துக்குங்க அங்கிள். நிற்காமல்... யார்டுக்குக் கூரையா போட்டிருக்கிறார்கள்? கண்டெய்னர் எண்ணைப் படித்துச் சரிபார்த்து லோரிக்கு அனுப்புகிற வேலையை நிழலில் உட்கார்ந்து செய்ய யார் விடுவார்கள்? அதையெல்லாம் நினைக்க அப்போது அவருக்கு நேரமில்லை. என் கண் போனால் போகட்டும், பாதி போய்விட்டது, மீதியையும் பார்த்துக்கொள்ளலாம். ரமணி. இதே கண்ணாடி, இதோடு கூடப் பிறந்த ஜோடி, இந்த நிமிஷம் ரமணியின் மூக்கில் இருக்கிறது, பாடாங் ஜாவாவில் ரோட்டை அகலப்படுத்துகிற இடத்தில், சிவப்புக் கொடியும் பச்சைக் கொடியுமாக, உச்சி வெயிலில். அவளும் கண் எரியுது என்று சொன்னாளே. போன மாதமா? அதற்கு முன்பா? எந்தக் கண் என்று சொன்னாள்?

ரயில் வந்துவிட்டது, கிள்ளான் போகுமா என்று யாரோ ஒருவரின் நிழலைக் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு ஏறி, கைக்குத் தட்டுப்பட்ட இடத்தில் உட்கார்ந்தார். முதலில் அவளைக் கூப்பிட வேண்டும், கழட்டு என்று ஒரு வார்த்தை, மற்றதெல்லாம் வீட்டில் போய்ப் பேசிக்கொள்ளலாம். போனைத் திறந்தால் பெயர்களெல்லாம் மழையில் நனைந்த கோலம்போலக் கிடக்கின்றன, தூரத்துக் கட்டடம் ஓரளவு தெரிகிறது, கையிலிருப்பது தெரியவில்லை, என்ன மருந்தோ இது... மேலே இருப்பது அவள்தானே, காலையில் கடைசியாக அவளிடம்தானே பேசினோம் என்று ஒரு குத்துமதிப்பாக அமுக்கினார். எடுத்தது சூப்பர்வைசர் தம்புசாமி. என்னா நாகையா, டாக்டர் என்னா சொன்னாரு, கிளியரா? இந்த மனுஷன் எப்போது கூப்பிட்டுத் தொலைத்தார், இவர் பெயர் எப்படி மேலே வந்தது... மூன்றை எட்டாகப் படித்து யாரோ ஒருவருடைய சரக்கை யாரோ ஒருவருடைய லோரியில் ஏற்றி அனுப்பிய பிறகுதான், கண்ணைக் காட்டிட்டு வந்து வேலையில நில்லுங்க என்று அனுப்பியதே இவர். கிளியர் பாஸ், என்று வாய் சொல்லிவிட்டது. அப்படின்னா நாளைக்கு வந்துடுங்க லா, ஆள் பத்தல. வரேன் பாஸ். போன் அணைந்தபிறகும் அந்த வார்த்தை வாயிலேயே நின்றது. கிளியர். எது கிளியர், எதிரில் உட்கார்ந்திருப்பது ஆணா பெண்ணா என்று தெரியவில்லை, இவர் கிளியராம். பக்கத்தில் சின்னப் பெண் குரலில் யாரோ மலாயில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள், வெட்கத்தை விட்டுப் போனை அவள் பக்கம் நீட்டி, தங்கச்சி, ரமணி என்று பெயர் இருக்கும், கொஞ்சம் அமுக்கிக் கொடு என்று மலாயிலேயே கெஞ்சினார். அமுக்கிக் கொடுத்தாள். மணி போனது, போனது, நின்றது. அவள் போனைச் சோற்றுப் பையில் போட்டு மரத்தடியில் வைத்துவிட்டு நிற்பாள், தார் உருட்டுகிற சத்தத்தில் கையில் இருந்தாலே கேட்காது, இது தெரியாதா இவருக்கு, தெரிந்தும் இன்னொருமுறை அமுக்கச் சொன்னார், அந்தப் பெண்ணும் முகம் சுளிக்காமல் அமுக்கிக் கொடுத்தாள், சுளித்திருந்தாலும் இவருக்குத் தெரியவா போகிறது.

அவள் போடமாட்டேன் என்றுதானே சொன்னாள்... கிள்ளான் பாசார் மாலாமில், அந்த ராத்திரிச் சந்தையில், பலாப்பழக் கடைக்குப் பக்கத்தில், போலீஸ் போடற மாதிரி பாஸ், ஒண்ணு உங்களுக்கு ஒண்ணு அக்காவுக்கு என்று அந்த ஆள் இரண்டையும் எடுத்து நீட்டினான், கண்ணாடியின்மேல் சூரியன் படம் போட்ட ஸ்டிக்கர்கூட ஒட்டியிருந்தது, அந்த ஸ்டிக்கரை நம்பித்தான், பிறகு அதைப் பிய்க்க மனசில்லாமல் ரொம்ப நாள் அப்படியே போட்டுக்கொண்டிருந்தார், யார்டில் எல்லோரும் சிரித்தார்கள். ரமணிக்கு அதைப் பார்த்ததும் வெட்கம். கொடி பிடிக்கிறவளுக்கு எதுக்குங்க கூலிங் கிளாஸ், சினிமாக்காரி மாதிரி இருக்கு, கூட வேலை செய்யற நல்லம்மாள் அக்கா ஒரு வருஷத்துக்குச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும். வேண்டாம் என்றவளை விட்டிருக்கலாம். விட்டாரா? மறுநாள் மோட்டார் சைக்கிளில் அந்தப் பக்கம் போனபோது பார்த்தால் கண்ணாடி சட்டைக்குள் இருக்கிறது, வெயிலில் முகத்தைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறாள், இவருக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ, உன் கண்ணு நல்லா இருக்கணும்னு ஒருத்தன் வாங்கிக் குடுத்தா உனக்கு நல்லம்மாள் சிரிக்கறதுதான் பெருசா போச்சா என்று ரோட்டிலேயே கத்திவிட்டு வந்து, அவளோடு பேசாமல், அவள் போட்ட சோற்றைத் தொடாமல் கிடந்தார். அவள் போட்டுக்கொண்டாள். அன்று போட்டவள்தான். கொஞ்ச நாளில் பழகி, பிறகு பிடித்துப்போய், கோயிலுக்குப் போகும்போதுகூட நெற்றிமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு, அம்மா குளிக்கறப்ப மட்டும்தான் கழட்டறாங்க என்று மகள் கேலி செய்கிற அளவுக்கு. நல்லம்மாளும் ஒன்று வாங்கிக்கொண்டாள், எங்கே வாங்கினீங்க என்று இவரிடம்தான் கேட்டாள், இவரும் கடைக்கே அழைத்துக்கொண்டு போகாத குறையாக வழி சொன்னார். ஆசையாக ஒன்று வாங்கிக் கொடுத்தது தப்பா? மனைவி கண்ணைப்பற்றிக் கவலைப்பட்டது ஒரு குற்றமா?

சுபாங் ஜெயா என்று குரல் சொன்னது. ஜன்னல் பக்கம் வெயில் திரும்பியது, கண்ணை இறுக மூடினார், மூடினாலும் இமைக்குள் சிவப்பாக எரிகிறது. கூலிங் என்று பெயர் வைத்தவன் யாரோ, அவனைச் சொல்ல வேண்டும். கண் சிவந்தால் உடம்புச் சூடு, சூட்டுக்குக் குளிர்ச்சி, இதில் எவருக்குச் சந்தேகம் வரும்? வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துத் தலை முழுகியாயிற்று, இளநீர் குடித்தாயிற்று, சீனன் கடையில் கசப்பு மூலிகைத் தண்ணீர் வாங்கிக் குடித்தாயிற்று, கண்ணுக்கு வெளியே கூலிங் கிளாஸ், உடம்புக்கு உள்ளே கூலிங் தண்ணீர், அப்படியும் எரிகிறது என்றால் இன்னும் சூடு இறங்கவில்லை என்றுதானே நினைப்பார்கள்... ரமணி கண் எரியுது என்றபோதும் அதைத்தானே சொன்னார், தலை முழுகு, வெளியே போகும்போது கண்ணாடியைக் கழட்டாதே. கழட்டாதே என்று சொன்னாரே, இந்த வாயால்! எல்லாவற்றுக்கும் மேலே அந்தப் பெண் ஸ்ருதி கடைசியாகச் சொன்னது. முட்டாளாகத் தெரியக்கூடாதென்று இவர்தான் கேட்டு வைத்தார், கம்பெனில வெள்ளையா ஒண்ணு குடுப்பாங்கம்மா, பிளாஸ்டிக்ல, அது இதைவிட மோசமா இருக்கும்ல? அவள் முகம் மலர்ந்துபோய், அது நல்லது அங்கிள், நல்ல சேஃப்டி கண்ணாடின்னா வெள்ளையா இருந்தாலும் அந்தக் கதிர தடுத்துடும், நிறத்துல ஒண்ணுமே இல்ல, அதையே போட்டுக்கலாமே என்றாள். அதையே போட்டுக்கலாமே. யார்டில் அந்த வெள்ளைக் கண்ணாடிக்கு என்ன மரியாதை, ஆபீசர் வந்தால் மூக்கில், போனால் ஹெல்மெட்டில், இந்த ஜன்னல் கண்ணாடி எந்த வெயிலைத் தடுக்கப்போகிறது என்று எல்லோரும் ஒரே மாதிரி சிரித்தார்கள், முதலில் சிரித்தவர் இவராகத்தான் இருக்கும். வருஷாவருஷம் கொடுப்பதை வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டார், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் தீபாவளிக்கு மத்தாப்பு கொளுத்தப் போட்டுக்கொண்டு உடைத்தார்கள், மிஞ்சிய ஒன்றை ரமணி எடுத்து அடுப்படி ஆணியில் மாட்டினாள். வெங்காயம் வெட்டுவதற்கு. போட்டுக்கொண்டு வெட்டினால் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வராதாம். வெங்காயக் கண்ணாடி என்றே அதற்கு வீட்டில் பெயர் ஆகிவிட்டது, வெங்காயக் கண்ணாடி எங்கே, இதோ ஆணியில். வீட்டிலேயே, ஆணியிலேயே, கைக்கு எட்டுகிற உயரத்தில்... டியூப் லைட் வெளிச்சத்தில் அதைப் போட்டுக்கொண்டு வெங்காயம் வெட்டிவிட்டு, விடிந்ததும் கழற்றி மாட்டிவிட்டு, கறுப்பைப் போட்டுக்கொண்டு வெயிலுக்குப் போகிறாள். இதைச் சொன்னால் யாராவது நம்புவார்களா, சிரிப்பார்களா, இவரே சிரித்திருப்பார், வேறு யாருடைய வீட்டிலாவது நடந்திருந்தால்.

ஷா ஆலம் வந்தபோதே எழுந்து கதவோரம் போய் நின்றுகொண்டார். கிள்ளானில் இறங்கி வீட்டுக்குப் போய்ப் படுக்க வேண்டியவர் பாடாங் ஜாவாவில் இறங்கினார். இறங்கி? அவள் வேலை செய்கிற இடத்துக்குப் போய் என்ன சொல்வது? கழட்டு என்று சொல்லலாம், கழற்றிவிட்டு எதைப் போடுவாள், வெறும் கண்ணோடு நிற்கச் சொல்வதா, வெள்ளைக் கண்ணாடி வீட்டில் ஆணியில் அல்லவா தொங்குகிறது... அதை யோசித்துக்கொண்டே ஸ்டேஷன் படியை ஒவ்வொன்றாகக் காலால் தடவித் தடவி இறங்கினார். ரோடு உருகுகிற வாசனை. தார், டீசல், புழுதி. கையை நெற்றியில் முட்டுக்கொடுத்து, கால் பார்த்து, ஓரமாகவே நடந்தார், கண்ணிலிருந்து தண்ணீர் ஊற்றுகிறது, துடைக்கத் துடைக்க ஊற்றுகிறது, எதிரே வருகிறவர்கள் இந்த ஆள் எதற்கு நடுப்பகலில் ரோட்டில் அழுதுகொண்டு போகிறான் என்றுதான் நினைப்பார்கள், நினைத்துக்கொள்ளட்டும், தப்பாகவும் நினைக்கவில்லையே. அதோ ஆரஞ்சு மேல்சட்டை. மஞ்சள் தொப்பிக்குக் கீழே சுற்றிய துண்டு, இடுப்பில் ஒரு கை, அவள்தான், அந்த நிற்கிற தோரணையே சொல்லிவிடும், தூரத்திலிருந்து நன்றாகத் தெரிகிறாள், கொடி பச்சையாகிறது, லோரி நகர்கிறது, மூக்கின்மேல் கறுப்பாக அது. நிம்மதியாக இருந்தது ஒரு நொடி. ஆனால் கிட்டே போகப் போக மங்கினாள். பத்தடியில் முகம் குழைந்தது, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் ஒரு ஆரஞ்சு நிறமும் ஒரு குரலும்தான் மிச்சம்.

"என்னாங்க இங்க வந்து நிக்கிறீங்க? டாக்டர் என்னா சொன்னாரு?"

"கழட்டு."

"என்னாத்த?"

"கண்ணாடிய கழட்டு ரமணி, கண்ணக் காட்டு."

பைத்தியமா என்று முணுமுணுத்தபடி கழற்றினாள். இவர் முகத்தை அவள் முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனார், நல்லம்மாள் பார்த்துச் சிரித்தால் சிரிக்கட்டும், மூக்கோரத்தில் சிவப்பு இருக்கிறதா, சதை மாதிரி ஏதாவது, ஒரு நூல் அளவாவது... மாநிறத்தில் ஒரு மங்கல், அதில் இரண்டு கறுப்புத் தீற்றல், அவ்வளவுதான். இருபத்தைந்து வருஷமாகப் பார்க்கிற கண், அதைப் பகல் வெளிச்சத்தில் கடைசியாக எப்போது பார்த்தார்? பகலெல்லாம் அவள் முகத்தில் இவர் வாங்கிக் கொடுத்தது இருக்கிறது, இரவில் டியூப் லைட்டில் எல்லோருடைய கண்ணும் சிவப்புதான். எந்தக் கண்ணுல எரியுதுன்னு சொன்ன, என்றார். ரெண்டும்தான் லா எரியுது, வெயில்ல நின்னா எரியாதா, என்றாள். இது நல்ல கண்ணாடி இல்ல ரமணி, என்று தொடங்கினார். இதுவா, போட்டே ஆகணும்னு சோறு திங்காம கெடந்தது யாரு, இப்ப நல்லா இல்லையாம், என்று அவள் சிரித்தாள், பின்னால் லோரி ஹாரன் அடித்தது, எங்கிருந்தோ கங்காணி ஹோய் என்று கத்தினான். அவள் திடீரென்று சிரிப்பை நிறுத்தினாள். "ஐயோ, என்னாங்க ஆச்சு உங்க கண்ணுக்கு, முழுக்க கறுப்பா கெடக்கு, தண்ணியா ஊத்துது! எப்படி நடந்து வந்தீங்க இந்த வெயில்ல?" பதில் சொல்வதற்குள் அவள் கை முகத்துக்கு வந்துவிட்டது. தன் கண்ணாடியை இவர் மூக்கில் மாட்டி, காதோரம் சரியாக உட்கார்ந்ததா என்று தடவியும் பார்த்தாள். காம்புகள் அவள் வியர்வையில் ஈரமாக, சூடாக இருந்தன. நல்லா ஜில்லுன்னு இருக்கா? வீட்டுக்குப் போற வரைக்கும் கழட்டாதீங்க, சொல்லிட்டேன்.

இருந்தது. அதுதான் கொடுமை, நன்றாக ஜில்லென்று இருந்தது. எரிந்துகொண்டிருந்த உலகம் ஒரே வீச்சில் அடங்கி, காப்பி நிறத்தில் மெத்தென்று ஆகிவிட்டது, காலையிலிருந்து இறுகிப்போயிருந்த நெற்றி தானாகத் தளர்ந்தது, இந்தச் சுகத்தைப் போய் எந்த வாயால் வேண்டாம் என்று அவளிடம் சொல்வது? தன் சட்டைப் பையில் இதன் ஜோடி இருக்கிறது, அதை எடுத்து அவளுக்குக் கொடுக்கக்கூட ஆகாது, இதைத் திருப்பிக் கொடுத்தாலும் தப்பு, வைத்துக்கொண்டாலும் தப்பு. "நாளைக்கு நீ அந்த வெங்காயக் கண்ணாடிய போட்டுகிட்டு வா" என்றார், சொல்லும்போதே எவ்வளவு கேனத்தனமாக இருக்கிறது என்று காதில் விழுந்தது. "ரோட்டுல நின்னு வெங்காயமா வெட்டப்போறேன்? போங்க, போய்ப் படுங்க" என்றவள் கொடியை மாற்றிக்கொண்டு ஓடிவிட்டாள். நில்லு ரமணி, சொல்றேன் என்றார், லோரிகள் கிளம்பிய சத்தத்தில் அவருக்கே கேட்கவில்லை. இரண்டடி பின்னால் வைத்தார். இன்னும் இரண்டு. தள்ளிப் போகப் போக அவள் தெளிந்தாள், தொப்பி, துண்டு, மூக்குத்திகூடத் தெரிந்துவிடும்போல இருந்தது. எதிர் வெயிலில், வெறும் முகத்தோடு, கொடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், இடது கண் திறந்திருக்கிறது, வலது கண்ணை மட்டும், இவருக்குச் சதை முளைத்த அதே பக்கத்துக் கண்ணை, இறுக மூடிக்கொண்டு. வெயில் இரண்டு கண்ணிலும்தானே அடிக்கிறது?